இரண்டு நிலையங்களுக்கு நடுவே

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டில்மேல் கிடத்தியிருக்கிறது. ஆலையில் தறி ஓட்டி ஓய்ந்த பெரியவர், ரேடியோவின் முள்ளை இரண்டு நிலையங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு, அந்த வெறும் இரைச்சலில் காதைச் சாய்த்துக் கிடக்கிறார். தறிச் சத்தம் விட்ட நாளிலிருந்து அவர் காதுக்குள் ஒரு சில்வண்டு குடியேறி, வாடகையும் தராமல், காலியும் பண்ணாமல் கத்திக்கொண்டிருக்கிறது. "வயசாச்சுல்ல, பழகிக்குங்க" என்று டாக்டர் கைகழுவிவிட்டார். இந்த இரைச்சல்தான் அதன் வாயைக் கொஞ்சம் அடைக்கிறது. மகன் உள்ளே வந்து, "என்னப்பா, சும்மா கொர்ருனு ஓடுது!" என்று கத்தியபடி முள்ளைத் திருப்புகிறான். பாட்டு பளிச்சென்று வருகிறது. பெரியவர் முள்ளைப் பழைய இடத்துக்கே நகர்த்துகிறார். "இருக்கட்டும்டா, காதுக்குள்ள…" அவர் முடிப்பதற்குள் மகன் ரேடியோவை அணைத்துவிட்டு, வாசலில் நிற்கும் மனைவியிடம் சாதாரணக் குரலில் சொல்கிறான்: "பாட்டு எது, இரைச்சல் எதுன்னுகூடத் தெரியலை. காது சுத்தமா போச்சு. இனிமே வீட்டை விக்கிற பேச்சை இவரு முன்னாடியே பேசலாம்." சில்வண்டு விடாமல் கத்துகிறது. பாழாய்ப்போனது, இந்தப் பேச்சை மட்டும் அமுக்காமல், ஒரு எழுத்துகூடத் தப்பாமல் கேட்க விட்டுவிட்டது.