பதினாறாம் நாள் வரை

குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூளியில் போட்டுவிட்டு, புகையும் சட்டியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள் இசைவாணி. தன்னைத்தானே பராமரித்துக்கொள்ளும் புது அடுக்குமாடி அது. புகை பட்டால் சுவரே கத்தும். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

“வீட்டுக்குள் புகை. ஆட்கள் யாரும் இல்லை. தீ பரவாமலிருக்கக் காற்றை வெளியேற்றுகிறேன்,” என்றது சுவர்.

“ஐயையோ, எம் பொண்ணு உள்ள இருக்கா!”

“பெயர்?”

பதினாறாம் நாளுக்கு முன்னால் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது மாமியார் உத்தரவு. அதனால் குடியிருப்போர் பட்டியலில் குழந்தை இன்னும் ஏறவில்லை. இன்று பதினோராம் நாள்.

“நிறைமதி! அவ பேரு நிறைமதி! கதவத் தொற!” என்று கதவில் அறைந்தாள்.

“வரவேற்கிறோம், நிறைமதி. பதிவை முடிக்க, வாசலுக்கு வந்து முகத்தைக் காட்டுங்கள்.”