முன்சீட்டு

லால் பாஷாவுக்கு அந்த இசைக்குழுவின் புது ஆல்பத்தில் ஒரு பாட்டும் பிடிக்கவில்லை. ஆனாலும் வேன் ஓட்டுவது அவர்தான். பெங்களூரில் வயலின், குழல் என்று பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு, ஓசூரில் மத்திகிரி ரோடு பிரிகிற இடத்தில் செல்லோ வாசிக்கும் வினிதாவை முன்சீட்டில் ஏற்றுவார். ஆல்பம் பதிவான மறுவாரம் அவள் இறந்துபோனாள்.

இன்று சேலம் கச்சேரிக்குப் போகையில் கைப்பழக்கத்தில் அங்கேயே நிறுத்திவிட்டார்.

“யாருக்கு பாய் நிறுத்தினீங்க?” என்றான் பின்சீட்டிலிருந்த பாடகன் பாஸ்கரன். வினிதாவின் அண்ணன். “அவ பாட்ட இன்னைக்குப் பாடப் போறதில்ல. என்னால முடியாது.”

“பாடாட்டி போ. எம்மேல ஏன் எகிர்ற?”

வண்டியை எடுத்ததும், பெல்ட் போடச் சொல்லும் மணி விடாமல் அடித்தது. எல்லோரும் போட்டிருந்தார்கள். முன்சீட்டில் ஆளே இல்லை.

“மிஷினும் பொய் பேசக் கத்துக்கிச்சு” என்று ஓரங்கட்டி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

பெல்ட் சீட்டில் படியவில்லை. ஒரு சாண் முன்னால் விறைத்து நின்று, மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

பாஸ்கரன் அதையே பார்த்திருந்தான். “அந்தப் பாட்டையும் சேத்துக்குங்க” என்றான் மற்றவர்களிடம்.

சேலம் வரை ஒரு வேகத்தடையிலும் லால் பாஷா வண்டியைக் குலுங்க விடவில்லை.