இடுப்புயரக் கயிறு

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி பெல்ட்டை ஒட்டி இடுப்புயரத்தில் ஒரு கயிறு ஓடும். யாராவது பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் அதை இழுக்க வேண்டும். உடனே பெல்ட் நின்றுவிடும். நிலையத்தை மூடிய பின் சோலார் பேனல் துடைக்கும் வேலைக்கு மாற்றப்பட்ட தவசிக்கனிக்கு இடதுகை மட்டும் அடங்கவேயில்லை. நடக்கும்போதெல்லாம் அது கயிற்றைத் தேடிக் காற்றைத் துழாவியது. பொறுக்கமாட்டாமல் நைலான் கயிறு வாங்கிவந்து பேனல் வரிசை நெடுகத் தொய்வாகக் கட்டிவிட்டார்.

"இங்க ஓடுறதுக்கே ஒண்ணுமில்லயே அண்ணாச்சி. எத நிறுத்தப் போறிய?" பெல்ட் வேலையிலிருந்தே கூட வந்தவர்களில் ஒருத்தியான இசக்கியம்மாள் சிரித்தாள்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது தாயி."

வெள்ளிக்கிழமை மேலாளர் ஓர் எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அது தானாகவே பேனல்களைத் துடைத்தபடி நகர்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, "இசக்கியம்மா, நீங்க நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார்.

தவசிக்கனியின் இடதுகை கயிற்றைப் பிடித்து இழுத்தது. கயிறு அசையவில்லை. திரும்பிப் பார்த்தார். வரிசையின் கடைசி ஆள்வரை எல்லோரும் அதை ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

எந்திரம் போய்க்கொண்டேயிருந்தது.