துப்பாக்கி விளையாட்டு

தாய்லாந்தின் கோன் கேன் நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ராட்ரீயின் கணினி கேம் கடைக்குள் விச்சித் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தார்.

“உன் கடையால என் மகன் கெட்டான். தெருவில தலை காட்ட முடியல.”

ராட்ரீயின் முகம் சுருங்கியது. அவர் மகன் பூமுக்குப் பத்து வயதுதான். தெரிந்தும் தினமும் துப்பாக்கி விளையாட்டில் உட்கார வைத்தவள் அவள்தான்.

“என்னண்ணே பண்ணிட்டான்?”

“சனிக்கிழமை கோயில் திருவிழாவில, ஊரே பார்க்குது. எதிரே நின்ன பையன் கீழே கிடக்கிறான். இவன் அவன்கிட்ட ஓடிப்போய்…”

விச்சித் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டா, கேம்ல அப்படித்தான் செய்வோம்ங்கிறான்.”

ராட்ரீ கைகூப்பினாள். “தப்பு என்னோடதுதாண்ணே. இன்னிக்கே அதையெல்லாம் அழிச்சிடறேன். அந்தப் பையன் எந்த ஆஸ்பத்திரியில இருக்கான்?”

“ஆஸ்பத்திரியா? கோப்பையோட வீட்டுக்குப் போயிட்டான்.”

அவள் விழித்தாள்.

விச்சித் நாற்காலியில் சரிந்தார். “மூணு வருஷமா அடிச்சு அடிச்சு, உதையும் குத்தும் சேர்ந்த நம்மூர்க் குத்துச்சண்டை பழக்கினேன். ரெண்டாவது சுற்றிலேயே இவன் உதைச்ச உதையில அவன் விழுந்துட்டான். நடுவர் எட்டு வரைக்கும் எண்ணியாச்சு. இவன் ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கி விட்டுட்டான். கடைசியில அவன்தான் ஜெயிச்சான். கேம்ல நம்ம ஆள் விழுந்தா உடனே தூக்கி விடணுமாம். ‘எதிராளியைப் போயாடா தூக்குவே?’ன்னு கேட்டேன். ‘அவன் என் கிளாஸ்ப்பா’ங்கிறான்.”

அதைச் சொன்னபோது அவரால் ராட்ரீயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.