பெட்ஷீட்டுக்குள் போர்டு

"போர்டை எந்தக் காயலான் கடைக்கு எடுத்துக்கினு போன? மொதல்ல அதச் சொல்லு."

கேட்டது அன்பரசி. புதூர்நாடு மகளிர் சிறுதானிய ஆலையின் வாசலில் ஜூடி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் காலடியில் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்று கிடந்தது. அதற்குள்ளிருந்து ஆலையின் தகரப் போர்டு பாதி வெளியே தெரிந்தது.

அவளைப் பிடித்துக்கொண்டு வந்தவன் ஜீப் டிரைவர் விஜயராஜ்.

"கட்டில் பலகைன்னு சொல்லி ஜீப் மேல ஏத்தச் சொல்லுச்சுக்கா. தூக்கறப்போ துணி வெலகிடுச்சு. பாத்தா நம்ம போர்டு. எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல. அப்படியே ஜீப்பைத் திருப்பிக்கினு வந்துட்டேன்."

அந்தப் போர்டு லேசில் வந்ததல்ல. ஆலை தொடங்கி ரொம்ப நாள் பெயரே இல்லாமல் கிடந்தது. மலைக்குக் கீழேயிருந்து சாமை வாங்க வரும் லாரிக்காரர்கள், 'போர்டே இல்லை, இதெல்லாம் ஒரு கம்பெனியா' என்று நக்கலடித்தே விலையைக் குறைத்தார்கள். ஆலையில் வேலை செய்யும் பெண்கள் ரோஷப்பட்டு எழுதி மாட்டிய போர்டு அது. அன்பரசி அந்த ஆலையின் மேனேஜர். அவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஜூடி கணியம்பாடிப் பெண். உணவுத் தொழில்நுட்பம் கடைசி வருஷம் படிக்கிறாள். தொழிற்பயிற்சிக்காகக் கல்லூரி அவளை இந்த ஆலைக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. நாளையோடு முடிகிறது. அவளுக்கு அன்பரசி போடும் மார்க் இன்று கல்லூரிக்குப் போயாக வேண்டும். அது கெட்டால் டிகிரி கிடையாது.

"மூணு மாசமா என் வூட்லதான தங்கின? என் கையாலதான சோறு தின்ன? நூத்துக்கு நூறு போடணும்னு நேத்து கூட எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"சாயங்காலம் நானே கொண்டாந்து மாட்டிடுவேன்க்கா. சத்தியமா."

"சாயங்காலம் மாட்றதுக்குக் காலைல இன்னாத்துக்குக் கழட்டின? ஏரிக்குக் கூட்டிக்கினு போய்க் குளிப்பாட்டப் போறியா?"

விஜயராஜ் சிரித்துவிட்டான். அன்பரசி ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அவள் ஜூடியின் தோள்பையைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே இஸ்திரி போட்ட சுடிதார் இரண்டு செட், ஒரு சீப்பு, பவுடர் டப்பா.

"துணிமணியோட ஓடத்தான் பாத்திருக்க." அன்பரசி பையைக் கீழே போட்டாள். போர்டு போனதைவிட இதுதான் அவளுக்கு வலித்தது. "சொல்லிக்காமக்கூடப் போற அளவுக்கு நாங்க உனக்கு இன்னா செஞ்சோம்?"

"ஐயோ, ஓடலக்கா. நான் திருடவும் இல்ல."

"அப்ப யாருக்காக எடுத்த? ஆளச் சொல்லு."

ஜூடியின் கண்ணில் நீர் முட்டியது. "சொன்னா என் டிகிரி போய்டும்க்கா."

"சொல்லலன்னாலும் போவும். திருட்டுன்னு எழுதி அனுப்பப் போறேன்."

ஜூடி பெயரைச் சொல்லாமல், குனிந்து பெட்ஷீட்டைச் சுருட்டத் தொடங்கினாள். அன்பரசிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"உன்னச் சொல்லி இன்னா ஆவப் போவுது. அனுப்பினாங்க பாரு, அவங்களச் சொல்லணும். வாத்தியாரு மூணு தடவ நேர்ல வந்து உன் வேலையப் பாப்பாருன்னு காலேஜ்லேர்ந்து லெட்டர் போட்டாங்க. ஒரு தடவ எட்டிப் பாத்தாரா? காய்ச்சல்ல நீ சுருண்டு கெடந்தியே, அப்ப ஒரு போன் போட்டாரா? அவரு ஒழுங்கா மலையேறி வந்திருந்தா நீ இன்னிக்கு இந்தக் காரியம் பண்ணியிருப்பியா?"

ஜூடி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்த சார் நம்பரைப் போட்டுக் குடு. 'உங்க பொண்ணு எங்க போர்டைத் திருடிச்சு, வந்து கூட்டிக்கினு போங்க'ன்னு நானே சொல்றேன்."

"வேணாம்க்கா. நீங்க எவ்ளோ வேணா திட்டுங்க. சாருக்கு மட்டும் போடாதீங்க, உங்க கால்ல விழறேன்."

அதைக் கேட்டதும் அன்பரசிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. எட்டிக்கூடப் பார்க்காத வாத்தியாரிடம் இத்தனை பயம். பக்கத்தில் படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றியவள் என்றால் மட்டும் இளக்காரம். ஜூடியின் போனை வாங்கி, 'வெற்றிவேல் சார்' என்ற பெயரைத் தேடி அழுத்தினாள். உள்ளே சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்களும் முறத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் கேட்கட்டும் என்று அன்பரசி ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அன்பரசி வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"என்னம்மா ஜூடி, எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருக்கறது? இங்க திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நல்ல புளியமரமா பார்த்து வெச்சிருக்கேன், அதுல போர்டை மாட்டிட்டு நின்னா மலைக்கே வந்த மாதிரி போட்டோ விழும். மூணு விசிட்டையும் இன்னிக்கே முடிச்சிடணும்மா, நான் மூணு சட்டை கொண்டு வந்துட்டேன், நீ மாத்து டிரெஸ் எடுத்துக்கிட்டியா?"