மகள் பார்த்த கல்

“மோதிரம் யாருக்கு சார், மகளுக்கா?”

கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்தபடி கேட்டாள். பெரியவர் பிடரியைத் தடவிக்கொண்டார்.

“இல்லம்மா... எனக்கு. அதாவது, நான் கட்டிக்கப்போறவங்களுக்கு. என் சம்சாரம் போய்ச் சில வருஷமாச்சு. இவ என் பொண்ணு. துணைக்கு வந்திருக்கா.”

கவுன்ட்டர்ப் பெண் மகளை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய பட்டு ஸ்கார்ஃப். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை.

‘வியாபாரம் நடந்த மாதிரிதான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வெல்வெட் தட்டை எடுத்து வைத்தாள்.

பெரியவரின் கண் நேராக நடுவில் இருந்த மோதிரத்தில் போய் விழுந்தது. பட்டாணி அளவுக் கல். விளக்கடியில் திருப்பினால் பளீர் பளீரென்று அடித்தது.

“நல்ல கண்ணு சார் உங்களுக்கு! துளி மஞ்சள் கிடையாது, உள்ளே ஒரு புள்ளி கிடையாது. நாலு பக்கமும் பிடி வெச்சு, கல்லை நல்லாத் தூக்கிக் கட்டியிருக்கோம். அதான் இந்த ஜொலிப்பு. இந்தக் கண்ணாடியில பாருங்க.”

பெரியவர் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டார். “அடேயப்பா, உள்ளே குடியே போயிடலாம் போலிருக்கே! நீ பாரும்மா.”

மகள் கண்ணாடியைத் தொடவில்லை. மோதிரத்தை வாங்கி, ஏதோ அழுக்கைத் துடைப்பது போல ஸ்கார்ஃபின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். திருப்பி வைத்துவிட்டாள்.

“வேண்டாம்ப்பா. ரொம்பத் தூக்கிக்கிட்டு நிக்குது.”

அடுத்தது நீர்த்துளி வடிவக் கல். அதையும் ஸ்கார்ஃபில் ஒரு இழுப்பு.

“முனை கூரா இருக்கு. வேண்டாம்.”

அடுத்தது, சுற்றிலும் பொடிக்கற்கள் பதித்தது.

“ஐயோ, இது வேண்டவே வேண்டாம்.”

பெரியவர் முகம் சுருங்கியது. “ஆசையா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு பார்த்தேன்மா...”

“ஆசை இருக்கட்டும்ப்பா. கல்லு ஏன் கையை மீறி நிக்கணும்?”

கவுன்ட்டர்ப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரிந்துவிட்டது அவளுக்கு. அம்மா இருந்த இடத்துக்கு ஒருத்தி வருகிறாள். அவள் விரலில் நல்லதாக ஒன்று ஏறிவிடக் கூடாது. அவ்வளவுதானே?

“அந்த மூலையில இருக்கறதை எடுங்க” என்றாள் மகள்.

“அதுவா? அது ரொம்பச் சின்னக் கல் மேடம்.”

“பரவாயில்லை, எடுங்க.”

பட்டையான வளையம். கல் மேலே எழும்பாமல் தங்கத்துக்குள்ளேயே அமிழ்ந்து உட்கார்ந்திருந்தது. மகள் ஸ்கார்ஃபில் இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. அவள் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

“இதே வளையம்தான். ஆனா கல்லை மாத்தணும். இந்த அளவுல இருக்கறதை எல்லாம் காட்டுங்க.”

வெள்ளைக் காகிதத்தில் நாலைந்து கற்களைக் கொட்டினாள் கவுன்ட்டர்ப் பெண். இப்போது பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த மகள் லேசில் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக இடுக்கியில் தூக்கிப் பார்த்தாள். இரண்டை அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இதுல கருப்பா ஏதோ இருக்கு. இது லேசா மஞ்சள். இது வெட்டு சரியில்லை, ஒரு பக்கம் செத்த மாதிரி இருக்கு.”

“இத்தனூண்டு கல்லுல இதெல்லாம் யாருக்கு மேடம் தெரியப்போகுது?”

“போட்டுக்கறவங்களுக்குத் தெரியுமே.”

கடைசியில் ஒன்றை எடுத்துக் காகிதத்தின் நடுவில் வைத்தாள். பெரியவர் குனிந்து பார்த்தார். பொட்டுப் போல இருந்தாலும் சுடராக இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு. நீ சொன்னா சரிம்மா” என்றவர், கையோடு கொண்டுவந்திருந்த அந்த அம்மாவின் விரல் அளவைக் கொடுக்க உள்ளே இருந்த பட்டறைக்குப் போனார்.

கவுன்ட்டர்ப் பெண்ணால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அம்மா இடத்துல இன்னொருத்தங்களைப் பார்க்கறது யாருக்கும் கஷ்டம்தான். ஆனா சார் ஆசைப்பட்டது அந்தப் பெரிய கல்லுக்கு. பாவம், வர்றவங்க என்ன பண்ணினாங்க?”

மகள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவங்க எங்க தெருவுல தையற்கடை வெச்சிருக்காங்க. நாள் முழுக்கக் கையில பட்டும் சாட்டினும்தான். அந்தப் பெரிய கல்லைப் போட்டா, தொட்ட துணியெல்லாம் நூல் இழுத்துடும். அப்புறம் கழற்றிப் பெட்டியில வெச்சுட்டுத்தான் வேலை பார்க்கணும். அப்பா போட்டுவிடற மோதிரம் அவங்க விரல்லயே இருக்க வேண்டாமா?”

கவுன்ட்டர்ப் பெண்ணுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“மன்னிச்சுக்கங்க மேடம். நான்பாட்டுக்கு... உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லையோன்னு நினைச்சுட்டேன்.”

“எனக்கா?” பட்டறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகள் குரலைத் தாழ்த்தினாள். “சட்டைப் பொத்தானை அப்பாவே பிச்சுப் பிச்சு எடுத்துக்கிட்டு, தைக்கணும்னு அந்தக் கடைக்கு ஓடறதைப் பார்த்தேன். இப்படியே விட்டா போட்டுக்கச் சட்டை மிஞ்சாதுன்னு, நான்தான் போய்ப் பொண்ணு கேட்டுட்டு வந்தேன்!”