மூலைக்கு மூலை

“இந்த மனுஷன் உயிரோட இருந்தப்பவே கோணல் ஆளாத்தான் இருந்திருப்பாரு அண்ணி,” என்றாள் நாத்தனார், இஞ்ச் டேப்பின் நுனியைப் பிடித்தபடி.

“ஆளை விடு. அளவைச் சொல்லு.”

“இந்த மூலைக்கு அறுபத்தொம்பது. அந்த மூலைக்கு அறுபத்தேழு.”

தையற்கடையின் பின்னறைத் தரையில், தடித்த விரிப்பின் மேல் போர்வை ஈரமாக விரிந்து கிடந்தது. இறந்துபோன ஒருவரின் பன்னிரண்டு சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை இழுத்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்தி, மின்விசிறிக் காற்றில் அப்படியே காயவிட வேண்டும். நேற்று அப்படித்தான் செய்தார்கள். ஊசியை எடுத்ததும் போர்வை பழைய குணத்துக்கே போய்விட்டது.

போர்வை தைக்கக் கொடுத்த அம்மா நாளை நாலு மணிக்கு வெளியூரிலிருந்து வருகிறாள். அப்பாவின் சட்டையைக் கட்டிக்கொண்டால்தான் அவளுடைய ஐந்து வயது மகளுக்குத் தூக்கம் வருகிறதாம். ஒவ்வொரு சட்டையாகக் கிழிந்துகொண்டே வருகிறது என்று மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

“குழந்தை என்ன மூலைமட்டம் வச்சா பார்க்கப்போகுது? அப்படியே கொடுத்துடலாம் அண்ணி.”

“கோணலா இருந்தா ஒரு பக்கத் தையலே எல்லா இழுப்பையும் தாங்கணும். ரெண்டு வருஷத்துல விட்டுடும். அந்தப் பொண்ணு பெரியவளாகற வரைக்கும் இது தாங்கணும்.”

நாத்தனார் முட்டி போட்டு, போர்வையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு நீலக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

“இதோ, இவன்தான் திருடன்! எந்த மகராசன் தச்ச சட்டையோ, துணியை மிச்சம் பிடிக்க தோள்பட்டையை நூலோட்டத்துக்குச் சாய்வா, கிராஸா வெட்டியிருக்கான். இதான் எல்லாத்தையும் இழுக்குது.”

“அன்னிக்குத் துணி பத்தலை,” என்றாள் அண்ணி.

நாத்தனார் அதற்குள் தெளிப்பானில் தண்ணீர் பிடிக்க எழுந்து போய்விட்டாள்.

அவளுடைய அண்ணன் போய் நாலு மாதம். கட்டிக்கொடுத்த இடம் தூரம் என்பதால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் அண்ணனைப் பார்ப்பாள். ஆனாலும் அண்ணிக்குத் துணையாக வந்த நாளிலிருந்து அழுது தீர்த்துவிட்டாள். அண்ணியின் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தத்தில் நாலு பேர் சொன்னார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அண்ணிக்கு அதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், தைத்தாள். எதற்குமே வலிக்கவில்லை என்பதுதான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த நீலக் கட்டத்தை மட்டும் பிரித்து, பின்னால் மெல்லிய துணி கொடுத்து, மறுபடி தைத்தாள். போர்வையை நனைத்தாள். இழுத்தாள், அளந்தாள், மறுபடி இழுத்தாள். கடைசி ஊசியைக் குத்தி நிமிர்ந்தபோது முழங்காலில் விரிப்பின் வரிகள் பதிந்திருந்தன.

மறுநாள் மூன்று மணிக்கு ஊசிகளை எடுத்தார்கள். அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு. சொன்னபடி கேட்கும் பிள்ளையாகப் போர்வை தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

நாலு மணிக்கு அந்த அம்மா மகளோடு வந்தாள். குழந்தை யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, போர்வையின் நடுவில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டது.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “உங்க கடையைப் பத்தி எங்க வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லியிருக்காருங்க. இந்தக் கைவேலை வேற யாருக்கும் வராதும்பாரு.”

“அப்படியா,” என்றாள் அண்ணி. “முறுக்கிப் பிழியாதீங்க. நிழல்லயே காயப் போடுங்க.”

தூங்கும் குழந்தையைப் போர்வையோடு சேர்த்துச் சுருட்டி, அண்ணியே தூக்கிப்போய் ஆட்டோவில் அதன் அம்மா மடியில் வைத்தாள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. நாலு மாதமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க அண்ணி. எங்கண்ணன் போனதுக்கு நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. யாரோ ஒருத்தரோட சட்டைக்காக ரெண்டு நாளா தரையிலயே கிடந்தீங்களே!”

அண்ணி குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாரோ இல்லம்மா. உங்கண்ணன்தான்.”